மெயினைக் காணாத வெள்ளிக்கிழமை

எந்தத் தாளை எடுத்தாலும் அதன் உச்சியில் 786 என்று எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். பிஸ்மில்லாஹ்வை எண்ணில் சுருக்கி எழுதுகிற எங்கள் ஊர் வழக்கம் அது. பள்ளிக்கூடத்துக் கொப்பியிலும் அது இருக்கும், உம்மா கடைக்குக் கொடுத்தனுப்பும் சாமான் துண்டிலும் இருக்கும். ஆகவே முதன்முதலாக ஒரு கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதப் போனபோது நான் வேறென்ன செய்வேன்? முதல் வரியில் 786 என்று அடித்தேன். மற்ற வரிகளைப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே அடித்தேன். அந்த மெஷின் முதல் வரியிலேயே பிழை என்று சொல்லிவிட்டு நின்றது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வேறு எந்த வரியில் பிழை என்று சொன்னாலும் பொறுத்திருப்பேன். அந்த வரியிலா? எழும்பிப் போய்க் குசினியில் ராத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். இனி அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை என்று அவளிடம் சொன்னேன். ராத்தா சிரித்துக்கொண்டு தேங்காய் திருவினாள்.

அந்தக் கம்பியூட்டர் எண்பதுகளின் கடைசிப் பக்கத்தில் கிழக்கிலங்கையில், நற்பிட்டிமுனையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. மச்சான், அதாவது ராத்தாவின் மாப்பிள்ளை, சவூதியிலிருந்து லீவில் வரும்போது கொண்டுவந்தார். பெட்டி இறங்கியதும் டீவி வந்திருக்கிறது என்று ஒழுங்கை முழுக்கக் கதை போய்விட்டது. அன்று பின்னேரம் முன் மண்டபத்தில் சனம் நிறைந்தது. மண்டபத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக். அலுமாரிக்கு மேல் இருந்த கெசட் ரேடியோவின் வயர்தான் எப்போதும் அதில் இருக்கும். மச்சான் அதைக் கழற்றிவிட்டுக் கம்பியூட்டரின் வயரைச் சொருகினார். கறுத்தத் திரையில் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கோடு வந்து மின்னிக்கொண்டு நின்றது. சனம் பார்த்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்த வளவு மாமி படம் எப்போது தொடங்கும் என்று கேட்டார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எல்லாரும் ஏமாந்து போனார்கள். நான் மட்டும் உள்ளறை வாசலில், திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அது காத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கும் ஒரு சாமானை நான் அதுவரை கண்டதில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மச்சானும் அப்படித்தான் வந்தார். வந்து ஒரு வருஷம் முடிவதற்குள் சவூதிக்குப் போய்விட்டார். மூத்த மகள் பிறந்தபோது அவர் இங்கே இல்லை. பிள்ளை பிறந்த கையோடு வலது காதில் வாப்பாக்காரன், தொழுகைக்குக் கூப்பிடுகிற அந்தப் பாங்கைச் சொல்ல வேண்டும். உலகத்தில் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிற முதல் குரல் அது. அன்றைக்கு எங்கள் வாப்பாதான் பேத்திக்குப் பாங்கு சொன்னார். மச்சான் சவூதியில் தன் அறையில் இருந்து பாங்கைக் கெசட்டில் பதிந்து அனுப்பினார். அது வந்து சேரும்போது பிள்ளை குப்புறப் படுக்கத் தொடங்கியிருந்தாள். கெசட்டில் அவருடைய குரலுக்குப் பின்னால் ஏ.சி. இரைகிற சத்தமும் கேட்கும். ராத்தா அதைப் பின்னேரத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போடுவாள். போட்டுவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது ராத்தா இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். நோன்பு மாதத்தில் பிறக்கும் என்று கணக்கு. மச்சானின் லீவோ நோன்புக்கு முன்னமே முடிகிறது. அவர் மறுபடி போய்விட்டால் இந்தப் பிள்ளைக்கும் கெசட்தான். ராத்தா ஒருநாள் குசினியில் வைத்து என்னிடம் சொன்னாள்.

“எனக்கு அவர் உழைக்கிறது தேவல்ல எண்டு சொல்லல்ல. இந்தப் புள்ளைக்கு அவர்ர வாயால பாங்கு சொல்லோணும். அவ்வளவுதான் நான் கேக்கிற.”

அவள் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அதனால் அது எனக்கு நெஞ்சில் குத்தியது.

ஊரில் இருக்க மச்சானுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. கல்முனை பஸாரில் பெரிய கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், கடையின் மேல் மாடியில் கம்பியூட்டர் வகுப்புத் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் வருஷா வருஷம் தன் கடைப் பெயரில் நோன்புக் கலண்டரும் அடித்துக் கொடுப்பவர். அதில் இருப்பது கொழும்பு நேரம். அதில் நிமிஷங்களைக் கழித்துத்தான் நாங்கள் நோன்பு திறப்போம். எவ்வளவு கழிப்பது என்பதில் ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும் ஒவ்வொரு அபிப்பிராயம். மச்சான் அவரிடம் போய், எங்கள் ஊருக்கே உரிய நேரத்தைக் கம்பியூட்டர் கணக்குப் பார்த்துச் சொல்லும் என்று வாயை விட்டுவிட்டார். ஹாஜியார் சிரித்தாராம். கண்ணால் கண்டால் வகுப்பு மச்சானுக்குத்தான், காணாவிட்டால் சவூதிக்குப் போகிற வேலையைப் பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மச்சானுக்கு சவூதிக் கொம்பனியில் கம்பியூட்டரில் வேலை செய்த பழக்கம் இருந்தது, கணக்கு வராது. நான் உயர்தரத்தில் கணிதம் எடுத்துப் பாஸ் பண்ணி, பல்கலைக்கழகக் கம்பஸுக்கும் எடுபட்டு, நாட்டு நிலைமையால் கம்பஸ் மூடிக் கிடந்ததில் வீட்டில் உட்கார்ந்து கொட்டைப்பாக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். சூரியன் எந்தத் தேதியில் வானத்தில் எவ்வளவு வடக்கே நிற்கும், எவ்வளவு தெற்கே நிற்கும் என்று கண்டுபிடிக்கிற வழி ஒரு சின்னப் புத்தகத்தில் இருந்தது. மச்சான் அதைக் கொண்டுவந்திருந்தார். முழுக்க சைன், கோசைன். ராத்தாவிடம் கொடுத்து, தங்கச்சிக்கு விளங்குமா என்று கேட்டனுப்பினார். எனக்கு விளங்கியது. வாசிக்க வாசிக்கத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

கேட்டனுப்பினார் என்று சொல்கிறேனே, ஒரே கூரைக்குள் இருந்தாலும் அவரும் நானும் முகத்துக்கு முகம் நின்று கதைப்பதில்லை. மச்சான் முறை அப்படி. அவர் மண்டபத்தில் இருந்தால் நான் உள்ளே. எனவே கம்பியூட்டரும் இரண்டு ஷிப்டில் ஓடியது. காலையில் அவர். நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அவர் வேண்டுமென்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். பின்னேரத் தொழுகை அஸர் வரைக்கும் எனக்கு. நடுவில் செய்தி கொண்டுபோக ராத்தா. அவளுக்குக் கம்பியூட்டரில் மண்ணும் தெரியாது. ஆனால் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் கொண்டுவந்து தருவாள்.

786 விஷயத்துக்கும் அவள்தான் பதில் கொண்டுவந்தாள். கோடும் உடுக்குறியுமாக ஒரு அடையாளம் இருக்கிறதாம், அதற்கு நடுவில் எதை எழுதினாலும் மெஷின் வாசிக்காதாம். எனக்கு அது இன்னும் பெரிய மரியாதைக் குறைவாகப் பட்டது. வாசிக்காமல் விடுவதற்கா நான் எழுதுகிறேன்? பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. மெஷின் வாசிக்காவிட்டால் போகட்டும், அதன் வாயாலேயே சொல்ல வைக்கலாமே. புரோகிராம் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாகத் திரையில் பிஸ்மில்லாஹ் என்று காட்டச் சொல்லிவிட்டால் சரி. அதற்கு, புரோகிராம் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். அதைத் தேடிப் போனபோதுதான் மெயினைக் கண்டேன்.

நான் அதுவரை, எழுத்து என்றால் உச்சியில் தொடங்கி அடியில் முடியும் என்றுதான் நினைத்திருந்தேன். சி மொழியில் அப்படி இல்லை. செய்ய வேண்டிய வேலைகளைத் துண்டு துண்டாக எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கலாம். மெஷின் முதலில் அவ்வளவையும் தன்னுடைய பாஷைக்கு மாற்றி வைத்துக்கொள்ளும். பிறகு ஓடச் சொன்னால், எது மேலே எது கீழே என்று பார்க்காது. மெயின் என்று பெயர் வைத்த துண்டு எங்கே கிடக்கிறதோ அங்கேதான் ஓட்டம் தொடங்கும். மற்றத் துண்டுகள் மெயின் கூப்பிட்டால் எழும்பும். கூப்பிடாவிட்டால் கிடந்தபடியே கிடக்கும்.

நம்பிக்கை வராமல் நானே சோதித்துப் பார்த்தேன். நாலைந்து துண்டுகளை மேலே எழுதி, மெயினைக் கடைசியில், கண் போகாத இடத்தில் போட்டு, அதற்குள் பிஸ்மில்லாஹ்வை வைத்து ஓட விட்டேன். அடியில் கிடந்தது முதலாவதாக வந்து திரையில் நின்றது. ஸுப்ஹானல்லாஹ் என்று என் வாய் தானாகச் சொன்னது. மண்டபத்தில் ஒருவரும் இல்லை. வெளியே வயல் வட்டைப் பக்கம் ஒரு மாடு கத்திக்கொண்டிருந்தது. ஒரு காரியம் தொடங்குகிற இடம் அதன் உச்சியில் இருக்க வேண்டியதில்லை என்பதை எனக்கு அதுவரை எவரும் சொன்னதில்லை.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். சூரியன் மறைகிற நேரத்தையும் விடியுமுன் சாப்பிடுகிற சஹர் முடிகிற நேரத்தையும் கணக்குப் பார்க்கிற துண்டு என்னுடையது. அதை நாள்வாரியாக வரிசைப்படுத்தித் திரையில் காட்டுகிற துண்டு மச்சானுடையது. இரண்டும் வேறு வேறு பைலில். ஒவ்வொருவரும் தன் துண்டைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே, அதனால் என் பைலில் நானும் ஒரு மெயின் வைத்திருந்தேன், அவருடைய பைலில் அவரும் ஒரு மெயின் வைத்திருந்தார். இரண்டு மெயினும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் தொடங்கின. கேட்டுச் செய்தது இல்லை. எங்கள் ஊரில் எவரிடம் கொடுத்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

ஹாஜியார் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலையில் மச்சான் இரண்டு பைலையும் முதல் தடவையாக ஒன்று சேர்த்துப் பார்த்தார். சேரவில்லை. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது ராத்தா செய்தியோடு வந்தாள். மெயின் இரண்டு கிடக்கிறதாம், ஒன்றுதான் இருக்கலாமாம்.

“எதை எடுக்கிறதாம்?” என்று கேட்டேன்.

“அதச் சொல்லல்ல,” என்றாள்.

சொல்லவில்லைதான். அவர் சொல்லவும் மாட்டார். நான் அன்று முழுக்க யோசித்தேன். வீட்டுக்கு மாப்பிள்ளை அவர். மெஷின் அவருடையது. ஊரில் இருப்பதா போவதா என்பது அவருடைய பிரச்சினை. என்னுடைய மெயின் நிற்க, அவருடைய மெயினை எடுக்க விடுவதா? வெள்ளிக்கிழமை ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரத்தில் உட்கார்ந்து என் மெயினை வரி வரியாக அழித்தேன். மற்றத் துண்டு பிழையில்லாமல் மெஷின் பாஷைக்கு மாறுகிறதா என்று மட்டும் பார்த்தேன். மாறியது. இரண்டையும் சேர்ப்பது மச்சானின் வேலை, அதில் நான் கை வைப்பதில்லை. அழித்ததை ராத்தாவிடமும் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டு அதைச் சொல்லிக்காட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

மச்சான் ஜும்ஆ முடிந்து நேரே கல்முனைக்குப் போய், அஸர் தொழுதுவிட்டு ஹாஜியாரோடு அவருடைய காரில் வந்து இறங்கினார். வாப்பாவும் கூட இருந்தார். நானும் ராத்தாவும் திரைச்சீலைக்குப் பின்னால். ராத்தா நிற்க ஏலாமல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். மூத்தவள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் ஹாஜியாரைக் கதிரையில் இருத்தி, தைரியமாக விளக்கம் சொல்லி, கீபோர்டில் ஒரு சாவியை அமத்தினார். மெஷின் கொஞ்சம் முனகியது. பிறகு திரையில் சிவப்பாக இல்லை, அதே பச்சையில்தான் ஒரு வரி வந்து நின்றது. ஆனால் மச்சானின் முதுகைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது.

மறுபடி அமத்தினார். அதே வரி. ஹாஜியார் என்னவாம் என்று கேட்டார். மச்சான் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். மெயினைக் காணவில்லையாம். அதைத் தேடுவது சி சைபர் என்று ஒன்றாம். அது யார், தான் அப்படி எதையும் எழுதவில்லையே என்று அவர் தனக்குள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஹாஜியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர், சலித்துக்கொள்ளவில்லை. வேறொரு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கதிரையின் கைகளைப் பிடித்து எழும்பப் பார்த்தார்.

இமாம் வராத நாட்களில் பள்ளியில் நடக்கிற கூத்தை வாப்பா சொல்லிச் சிரிப்பார். நீங்கள் முன்னால் நில்லுங்கள், இல்லை இல்லை நீங்கள் நில்லுங்கள் என்று ஆளை ஆள் தள்ளிவிட்டு எல்லாரும் பின்வரிசைக்கு வந்துவிடுவார்களாம். வரிசை நேராக நிற்கும், தொழுகை தொடங்காது. எனக்கு அது அந்த நேரத்தில் ஏன் ஞாபகம் வந்தது என்று தெரியாது. ஆனால் வந்தது. ராத்தாவின் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தன. அவள் ஹாஜியாரைப் பார்க்கவில்லை, அறைக்குள் கட்டிலுக்கு அடியில் இருந்த மச்சானின் பயணப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“மச்சான், நான் என்ட மெயின எடுத்துட்டன். நீங்களும் எடுத்தீங்களா?”

அந்நிய ஆண் ஒருவர் இருக்கும்போது உள்ளே இருந்து குமர்ப் பெண்ணின் குரல் வருவதா? வாப்பாவின் முகம் எப்படி இருந்ததோ, நான் பார்க்கவில்லை. மச்சான் திரைச்சீலைப் பக்கம் திரும்பினார்.

“ஓம். காலையிலயே எடுத்துட்டன்,” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் எங்கே போனதென்று தெரியாது. புதிதாக ஒன்று எழுதுங்கள் என்றேன். முதலில் பிஸ்மில்லாஹ், மறுகா என்னுடைய துண்டைக் கூப்பிடுங்கள், மறுகா உங்களுடைய துண்டை. அடைப்பைத் திறக்கிற அடையாளம், மூடுகிற அடையாளம், வரிக்குக் கடைசியில் போடுகிற அரைப்புள்ளி, எல்லாவற்றையும் நான் சீலைக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அவர் அடித்தார். ஓரிடத்தில் அவர் எனக்குத் திருத்தமும் சொன்னார். நானும் ஓம் என்று ஏற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு அவர் வந்த காலம் முழுக்க நாங்கள் இருவரும் கதைத்ததைவிட அந்தச் சின்ன மெயினுக்குள் கூடக் கதைத்துவிட்டோம். ஹாஜியார் எழும்பியவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

பிஸ்மில்லாஹ் வந்தது. அதற்குக் கீழே நாட்கள் ஒன்றின்பின் ஒன்றாக இறங்கி வந்தன. ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் எங்கள் ஊரின் சூரியன் மறைகிற நேரம். வானத்தில் ஓடுகிற அவ்வளவு பெரிய சூரியனின் நேரத்தை, நான் கொப்பியில் வெட்டி வெட்டி எழுதிய கணக்கு ஒன்று, அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாகவே இருந்தது. சரியாக இருந்தால் என்ன செய்வது என்று பயந்தேன், பிழையாக இருந்தால் என்ன செய்வது என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவே இல்லை.

ஹாஜியார் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொண்டு, ரேடியோ நேரத்துக்கு வைத்த கடிகாரத்தோடு வட்டைப் பக்கம் நடந்தார். வாப்பாவும் மச்சானும் பின்னால் போனார்கள். பெரும்போகம் வெட்டி முடிந்த காலம். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் வயல். நானும் ராத்தாவும் பின்வளவு வேலியடியில் நின்று பார்த்தோம். சூரியன் சிவந்து, அடி தட்டையாகி, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கடைசிச் சிவப்புப் புள்ளி போன நேரத்தில் தூரத்தில் ஹாஜியார் கையை உயர்த்திக் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. பார்த்தவர் கையை இறக்கவில்லை. அப்படியே நின்றார். பிறகு மச்சானின் தோளில் ஒரு அடி அடித்தார். ராத்தா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மஃரிப் தொழுதுவிட்டு வந்த வாப்பா மிச்சக் கதையைச் சொன்னார். கலண்டர் அடிக்கிறாராம், மாடியில் வகுப்பும் தொடங்குகிறாராம், மச்சான்தான் மாஸ்டர். உள்ளே இருந்து சொன்ன பிள்ளை யார் என்று கேட்டாராம். தன்னுடைய மகள்மாருக்கும் ஒரு நேரம் ஒதுக்கினால் அந்தப் பிள்ளை வந்து படிப்பிக்குமா என்றும் கேட்டாராம். வாப்பா என்ன பதில் சொன்னார் என்று எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் என்னை ஏசவுமில்லை. அடுத்த நாள் ராத்தா மச்சானிடமிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுவந்தாள். தங்கச்சி ஏன் அதை எடுத்தாள் என்று கேட்கிறாராம். அவர் ஏன் எடுத்தாராம் என்று நான் திருப்பிக் கேட்டேன். ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ரெண்டு விசருப் பைத்தியமும் சேந்து என்னக் கொல்லப் பாத்திரிக்கி,” என்றாள்.

சிரிப்பு அடங்கிய பிறகும் எனக்கு ஒன்று மட்டும் அடங்கவில்லை. அந்த சி சைபர். நானும் எழுதவில்லை, மச்சானும் எழுதவில்லை, ஆனால் எங்கள் மெயினைக் காணவில்லை என்று தேடியது அதுதான். தேடுகிறதென்றால் அது முன்னமே அங்கே இருந்திருக்க வேண்டும். தடித்த இங்கிலீஷ் புத்தகத்தின் பின்பக்கத்தில், அகராதியை வைத்துக்கொண்டு நாட்கணக்காகத் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தேன். நாங்கள் எழுதுகிற ஒவ்வொரு புரோகிராமோடும் அது சொல்லாமலே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஓடச் சொன்னதும் முதலில் எழும்புவது மெயின் இல்லை, அதுதான். எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கும், பழைய குப்பையைத் துடைத்து வைக்கும், பொருள் வைத்து எடுக்க இடம் ஒதுக்கும், உள்ளே வருகிற வழியையும் வெளியே போகிற வழியையும் திறந்து வைக்கும். எல்லாம் சரியென்றால்தான் மெயினைக் கூப்பிடும். மெயின் முடிந்ததும் திரும்பிப் போவதும் அதனிடமேதான்.

கந்தூரி விருந்து வீட்டில் ஆண்கள் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிஸ்மி சொல்லிக் கை வைக்கும்போதுதான் சாப்பாடு தொடங்குகிறது என்று நினைப்பார்கள். குசினிக்குள் இருக்கிற எங்களுக்கல்லவா தெரியும், அது எப்போது தொடங்கியதென்று. இவ்வளவு காலமும் மெயினை முதலாவது என்று நினைத்துத் தலையில் வைத்துக் கொண்டாடிய நானும் அந்த ஆண்களைப் போலத்தான் இருந்திருக்கிறேன். அப்படியென்றால் சி சைபரைக் கூப்பிட்டது யார்? மெஷினை நடத்துகிற பெரிய புரோகிராம். அதைக் கூப்பிட்டது? மெஷினுக்குள் பிறக்கும்போதே பதித்து வைத்த இன்னொன்று. அதற்கும் முன்னால்? நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அல்லாஹ்வே என்று சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த நாட்களில்தான் ராத்தாவைப் பார்க்க, பிள்ளைப்பேறு பார்க்கிற மிட்வைப் வந்தார். பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ் அக்கா. மரத்தில் செய்த சின்னக் குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்பார். நான் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, கேட்கப் போறியா என்று குழலை என்னிடம் தந்தார். காதை வைத்தேன். முதலில் ராத்தாவின் வயிற்று இரைச்சல். பிறகு, அதற்கு அடியில், ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது அந்தச் சின்ன இதயம். எவரும் பாங்கு சொல்லவில்லை. எவரும் பெயர் வைத்துக் கூப்பிடவில்லை. இந்த மனுஷியின் வயிற்றுக்குள் அது எந்த நாளில் முதல் தடவை துடித்தது என்று அவளுக்கே தெரியாது. நான் குழலை எடுக்காமல் அப்படியே நின்றேன். போதும் தங்கச்சி, எனக்கு வேறு வீட்டுக்கும் போகவேணும் என்று அக்கா குழலைப் பிடுங்கினார்.

பிள்ளை நோன்பில்தான் பிறந்தது. ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த ஒரு பகல். ஆஸ்பத்திரிக்குப் போக வாகனமில்லை. நல்ல காலம், முதல் நாளே ராத்தாவைப் பார்க்க வந்த மிட்வைப் அக்கா திரும்பிப் போக ஏலாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தார். உள்ளறையில் அவரும் உம்மாவும் ராத்தாவும், வாசலில் மூத்தவளோடு நான். இந்தத் தடவை திரைச்சீலைக்கு வெளியே நின்றது மச்சான். கம்பியூட்டருக்கு முன்னால் கதிரை இருந்தும் உட்காரவில்லை. தொழுகைக்குப் போல் கை கால் கழுவி வுழூ செய்த தண்ணீர் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவுமில்லை. கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றார்.

பிள்ளையின் சத்தம் கேட்டது. மகன். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது.

“வாப்பாவக் கூப்பிடுங்கோ.”

நான் திரைச்சீலையை விலக்கிப் பிடித்தேன். மச்சான் என்னைக் கடந்து உள்ளே போனார். மூத்தவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மச்சான் துணியில் சுற்றிய பிள்ளையை வாங்கி, குனிந்து, வலது காதில் பாங்கு சொல்லத் தொடங்கினார். முதல் சொல்லிலேயே குரல் உடைந்தது. மறுபடி தொடங்கினார். பிள்ளை ஒன்றும் பாங்கைக் கேட்டு அடங்கிவிடவில்லை, கத்திக்கொண்டேதான் இருந்தது. ராத்தா தலையணையில் முகத்தைத் திருப்பி, பிள்ளையைப் பார்க்காமல் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பத்து மாதமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஒன்றுக்கு வெளியே இருந்து இப்போதுதான் அழைப்பு வருகிறது என்று நான் நினைத்தேன்.

மூத்தவள் என் கையை உதறிவிட்டு மண்டபத்துக்குள் ஓடினாள். வாப்பாவின் பாங்கு என்றால் அவளுக்கு எங்கிருந்து வரும் என்று தெரியும். அலுமாரியடியில் போய் நின்று, தலையை நிமிர்த்தி, மேலே இருந்த கெசட் ரேடியோவைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். பாங்கு அறைக்குள் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. ரேடியோவின் வயர் கழற்றியபடி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிளக்கில் கம்பியூட்டர்தான் சொருகியிருந்தது.